அக்காவின் இடமும் என் வலது கையும்

சேகர், வசந்தா, நான் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரமும் நீங்கள் இரண்டு பேரும் புக்கிட் பாருவில் அத்தை வீட்டில் இருந்தீர்கள். அதனால் உங்கள் அப்பாவான எனக்கு என்ன வந்தது, உங்கள் ராஜம் அக்காவுக்கு இங்கிலாந்தில் படிக்க இடம் எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அத்தை ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், அம்மா வேறு மாதிரி. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் சேகர் திருத்திக்கொள். நடந்ததைத் திருத்தாதே.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்த அடுத்த வருஷம் அது. நான் கண்டக்டராக இருந்த பஸ்ஸுக்குக் காலை இரண்டாவது டிரிப், பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிற கூட்டம். ஒரு மலாய்க்கார அம்மாவுக்கு டிக்கெட் கொடுத்து, அதில் ஓட்டை போட இடுக்கியை அழுத்தினேன். அழுந்தவில்லை. இடுக்கிதான் கெட்டுப்போயிற்று என்று திருப்பிப் பார்க்கப் போனேன், அது கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். வலி என்று ஒன்றும் இல்லை. டிக்கெட் கட்டு சிதறிப்போச்சே என்பதுதான் கவலை. யாராவது பொறுக்குங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தால் வேறு என்னவோ சத்தம் வந்தது. அந்த அம்மா என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் ஆ ஹோக் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்த நிறுத்தத்திலும் நிற்காமல், பஸ் நிறையப் பயணிகளோடு, நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அதற்கு விளக்கம் கேட்டுக் கம்பெனி அவனுக்குக் கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தை அவன் இன்றுவரை எனக்குக் காட்டவில்லை.

மூன்றாம் வகுப்பு வார்டு. இரண்டு வரிசையாகக் கட்டில், நடுவில் நடக்க வழி. முதல் இரண்டு நாள் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மூன்றாம் நாள் டாக்டர் வந்து, முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார். என்னைப் பக்கவாட்டில் இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்லி, டாக்டருக்கு உதவியாக இருக்கிற டிரஸ்ஸர் ஒருவர் கழுத்தையும் முழங்காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஊசி உள்ளே போகும்போது வலியை விடப் பயம்தான். மூளையைச் சுற்றி இருக்கிற நீர் முதுகுத்தண்டு வழியாகவும் ஓடுகிறதாம். அந்த நீர் சிவப்பாக வந்தால் மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, தெளிவாக வந்தால் கசியவில்லை, ஏதோ ஒரு குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. எனக்குத் தண்ணீர் மாதிரி வந்தது. டாக்டர் அந்தக் கண்ணாடிக் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். நம் ஆட்கள் பக்கவாதம் என்று சொல்வது இதைத்தான். இடது பக்கத்து மூளை வலது பக்கத்து உடம்பை ஆள்கிறது. எனக்கு அடைத்தது இடது பக்கம். அதனால் வலது கையும் காலும் போயின, பேச்சு கொஞ்சம் குழறியது. பேச்சும் காலும் முதலில் திரும்பின. கை திரும்பவில்லை.

பிறகு நாள்தோறும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று காய்ச்சிப் பார்ப்பார்கள். உப்பு இல்லாத சாப்பாடு. வார்டில் என்னை விட மோசமான ஆட்கள் இருந்தார்கள். எதிர்க் கட்டிலில் இருந்தவர் ஒரு நாள் விடியும்போது இல்லை. நர்ஸ் மிஸ்ஸிகள் சத்தமில்லாமல் மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டணம் பெரிதாக இல்லை. ஆனால் கம்பெனி பாதிச் சம்பளம்தான் கொடுத்தது, அதுவும் எத்தனை மாதத்துக்கு என்று சொல்லவில்லை. கண்டக்டருக்கு வலது கை இல்லை என்றால் பஸ்ஸில் அவனுக்கு என்ன வேலை? இதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை, அவளும் என்னிடம் கேட்கவில்லை. நாலு மணிக்குப் பார்வையாளர் மணி அடித்ததும் அம்மா அடுக்குச் சட்டியோடு முதல் ஆளாக வருவாள். உப்பு போடாத குழம்பில் புளியைக் கூட்டி, கறிவேப்பிலையை வறுத்துப் போட்டு எப்படியோ ருசி கொண்டுவந்திருப்பாள். பிசைந்து ஊட்டுவாள். அம்மா வராத நாளில் அக்கா ஊட்டுவாள். நானும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். அது தப்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நோயாளி ஒரு டம்ளரைத் தூக்க விட்டால் நம் வீட்டில் அது பாவம் அல்லவா.

நான்காவது வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் கட்டிலருகே வந்து நின்றார். பெயர் மிஸ் ஹேல். அந்த நேரம் பார்த்து அக்கா எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் ஹேல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்காவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அக்காவின் முகம் மாறிவிட்டது. என்னம்மா என்றேன்.

"அப்பாவோட கைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. வரலைன்னு சொன்னேன். வர்றதுக்கு அதுக்கு வேலை ஏதாச்சும் குடுத்தீங்களான்னு கேக்குறாங்க."

வார்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. பிரம்பு, கயிற்றுத் தறி, மரப் பலகைகள், பொத்தான் வைத்த துணிச் சட்டங்கள், கரண்டி, பூட்டு, குழாய். வார்டில் இருந்த ரப்பர் தோட்டத்து ஆட்கள் அதை ஜெயில் கொட்டகை என்பார்கள். இலவசமாகச் சாப்பாடு போடுகிற கணக்குக்கு வெள்ளைக்காரி வேலை வாங்குகிறாள் என்று பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கை கால்களைப் பிடித்து நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வேறு ஒருவர் இருந்தார். மிஸ் ஹேலின் வேலை அது இல்லை. ஒருவன் காலையில் எழுந்து இரவு படுக்கிற வரை என்னென்ன செய்வானோ, அதையெல்லாம் மறுபடி செய்ய வைப்பதுதான் அவர் வைத்தியம். பல் தேய்ப்பது, சட்டை போடுவது, சோறு பிசைவது. அப்புறம் அவன் பிழைப்புக்கான வேலை. என்னிடம் ஒரு பழைய டிக்கெட் இடுக்கி கொண்டுவரச் சொன்னார். அதன் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, காகித அட்டையில் ஓட்டை போடச் சொன்னார். ஒரு வாரத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. அதற்கு அவர் கைதட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் கொஞ்சம் வந்தது.

அக்கா அப்போது பள்ளிக் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்துவிட்டு ஒரு பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தாள். மத்தியானம் பள்ளி விட்டதும் கொட்டகைக்கு வந்துவிடுவாள். முதலில் எனக்காக வந்தாள். பிறகு எனக்காக மட்டும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. கை எரிந்துபோன ஒரு சீனப் பையன், ஒரு கால் இழந்த லாரிக்காரர், எல்லாரிடமும் பேசிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் என்னிடம், இந்த வேலைக்குப் படிக்க அரசாங்கம் ஆள் அனுப்புகிறதாம், மூன்று வருஷம் இங்கிலாந்தில், செலவு முழுக்க அவர்களே, இந்த வருஷம் இரண்டே இடம் என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பிரம்பைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே இடம் என்றதும் எனக்குக் கவலை வந்துவிட்டது. கிடைக்குமா கிடைக்காதா என்று யாரிடம் கேட்பது? பக்கத்துக் கட்டிலில் பொன்னையா கிராணி இருந்தார். ஆயர் குரோ பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலில் நீர் கோத்து வீங்கிக் கிடந்தார். அவருக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று அரசாங்க விண்ணப்ப ஃபாரம், இன்னொன்று குதிரைப் பந்தயம். அக்கா வந்ததும் அவளை உட்காரவைத்து விசாரிக்க ஆரம்பித்தார்.

"எத்தன குதிரை ஓடுது, அத முதல்ல சொல்லு."

"கிராணி மாமா, நான் குதிரை இல்ல."

"தெரியும்மா. குதிரையா இருந்தா கண்ண மூடிட்டுக் கட்டியிருப்பேன். மனுஷப் பிள்ளையா இருக்கறதாலதான் யோசிக்கிறேன்."

எத்தனை பேர் எழுதிப் போடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கிற தகுதிகள் மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி வேண்டும், அது இருந்தது. விஞ்ஞானப் பாடம் ஒன்று வேண்டும். பெண்கள் பள்ளியில் பௌதிகமும் இரசாயனமும் சொல்லிக் கொடுக்கவில்லை, உடலியலும் சுகாதாரமும்தான். அது விஞ்ஞானமாகச் சேருமா என்பதில் சந்தேகம். வயது சரி. இந்த மாதிரிக் கொட்டகையில் சில மாதமாவது நின்று பார்த்திருக்க வேண்டும், அங்கே இருக்கிற அதிகாரி கடிதம் தர வேண்டும். அப்புறம் கோலாலம்பூரில் நேர்முகம். கிராணி ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். கான்வென்டில் படித்த டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் எழுதிப் போடும், நீ கண்டக்டர் மகள், அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார். கடைசியில் நூற்றுக்கு நாற்பத்தைந்து என்று முடித்தார்.

கொஞ்சம் ஏற்றிச் சொல்லுங்களேன் என்றேன் நான்.

"ஏத்திச் சொல்றதுக்கு இது என்ன மீன் கடையா கண்டக்டர்? வேணும்னா அந்த வெள்ளைக்காரம்மா கடுதாசிய நல்லா வாங்கிக்குங்க. அது ஒண்ணுதான் தூக்கும்."

இந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். என் தப்பு இங்கேதான் ஆரம்பித்தது.

ஏழாவது வாரம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் இரண்டு முறை கொட்டகைக்கு வர வேண்டும். வீட்டில் எல்லாம் நீயே செய், யாரும் உதவக்கூடாது என்று மிஸ் ஹேல் சொல்லி, அக்கா அதைத் தமிழில் அம்மாவுக்கும் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். அடுத்த நாள் காலையில் பசியாறும்போது நான் தோசையைப் பிய்க்க முடியாமல் தட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்தாள், பொறுத்தாள், பிறகு தட்டை வாங்கிவிட்டாள். நானும் கொடுத்துவிட்டேன். சட்டைக்கும் அப்படித்தான். கொட்டகையில் சட்டத்துத் துணியில் பொத்தான் போடுவேன். வீட்டில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன், அம்மா போட்டுவிடுவாள். காலையில் பள்ளிக்குப் போகிற அவசரத்தில் அக்காவும் சில நாள் போட்டுவிடுவாள். தப்பென்று தெரிந்தேதான் செய்தாள். பள்ளிக்கு நேரமாகிவிடுகிறது, நான் ஒரு பொத்தானுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்?

அக்கா பள்ளியில் இருக்கிற காலை நேரத்தில்தான் நான் கொட்டகைக்குப் போவேன், மிஸ் ஹேல் ஒவ்வொரு தடவையும் தனக்குத் தெரிந்த மலாயில் கேட்பார், சாப்பாடு சொந்தக் கையா, சட்டை சொந்தக் கையா என்று. நான் எல்லாம் சொந்தக் கை, மகள்தான் பக்கத்தில் நின்று பழக்குகிறாள் என்பேன். அவர் கடிதம் எழுதப் போகிறாரே, அதில் அக்காவின் பேர் நன்றாக வரட்டும் என்றுதான். அவரும் நம்பி அப்படியே எழுதிவிட்டார். தன் தகப்பனை வீட்டில் யார் உதவியும் இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்ய இந்தப் பெண் பழக்கியிருக்கிறாள் என்று ஒரு முழுப் பத்தி. அக்கா அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை, அது நேரே மேலிடத்துக்குப் போயிற்று. பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கோலாலம்பூர் நேர்முகத்துக்கு உங்கள் மாமா கூடப் போனார். அக்கா திரும்பி வந்து நன்றாகப் போனது என்றாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன், வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார் என்றாள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இங்கேயே எழுதிவிடுகிறேன். கடைசியாக அவளிடம் கேட்டார்களாம்: முன்பு அனுப்பிய ஒரு பெண்ணை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்து தந்தி அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள், அந்த இடம் வீணாகப் போயிற்று. உன் தகப்பனார் நோயாளி, நீ மூத்தவள், உன்னை மட்டும் மூன்று வருஷம் விட்டுவைப்பார்களா? விடுவார்கள் என்று அக்கா சொன்னாள். அதைப் பார்த்து வரத்தான் ஆள் அனுப்பினார்கள். அப்பாவால்தான் இடம் ஆடுகிறது என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

காரணம் தெரியாததால் நான் கிராணியிடம் போய்க் கேட்டேன். அவரும் அப்போது வீட்டிலிருந்து வெளிநோயாளியாக வந்துகொண்டிருந்தார். வீடு பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் காலத்தில் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களைப் பார்க்க லேபர் ஆபீசர் வரும்போதெல்லாம் இவர்தான் முன்னேற்பாடு.

"அதிகாரி வந்தா ஒழுகற கூரையைக் காட்டணும் கண்டக்டர். நல்லா இருக்கற வீட்டுக்கு எந்த கவுர்மெண்டும் குடுத்ததில்ல. நீங்க படுத்துக்குங்க. சம்சாரம் கொஞ்சம் கண்ணக் கசக்கட்டும். நாற்பத்தஞ்சு எழுபதாயிரும்."

வந்தவர் ஆஸ்பத்திரி அல்மோனர். நோயாளிகளின் குடும்ப நிலைமையை விசாரித்து எழுதுகிற அதிகாரியை அப்படிச் சொல்வார்கள். நம் தெரு தாண்டி, மலாய் பேசுகிற பழைய தமிழ் வம்சத்தார் குடியிருக்கிற செட்டிக் கம்பத்துப் பெண்தான், மிஸ் பிள்ளை. நெற்றியில் திருநீறு, உடுப்பு மலாய்க்காரர் போடுகிற கெபாயா, பேச்சு மலாய். திருநீற்றைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது, நம்ம சாமி கும்பிடுகிறவர் நம்மை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று.

அன்று காலையே அம்மா ரேடியோவைத் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மேசை விரிப்பை எடுத்துவிட்டாள். என்னைப் பாயில் படுக்கவைத்து, அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. மிஸ் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறக்கவும், அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து எனக்கு ஊட்ட ஆரம்பித்தாள். நான் குழந்தை மாதிரி குடித்தேன். ஒரு வாய் வழியவும் விட்டேன். அதை நானாகத்தான் செய்தேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மகள் இவருக்கு என்னென்ன செய்வாள் என்று மிஸ் பிள்ளை கேட்டார். அம்மாவின் மலாய் கடைத்தெருவில் கற்ற பாசார் மலாய். ஆனால் அன்று அது தடையில்லாமல் வந்தது. குளிக்க வைப்பது மகள், உடுத்திவிடுவது மகள், ஊட்டுவது மகள், ராத்திரி கால் பிடிப்பது மகள், அவள் இல்லை என்றால் இந்த மனுஷனுக்கு உயிரே இல்லை என்றாள். மகளைப் பற்றி இதைவிட உயர்வாக ஒரு தாய் என்ன சொல்ல முடியும்? மிஸ் பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். காப்பியைக் குடித்தார். போகும்போது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு அக்கா வந்தாள். காப்பிக் கோப்பையைப் பார்த்து யார் வந்தது என்று கேட்டாள். அம்மா நடந்தது முழுவதையும் சந்தோஷமாகச் சொன்னாள். அக்கா கையில் வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் அந்தக் கடைசிக் கேள்வியைச் சொன்னாள்.

"நான் போனா அப்பா செத்துருவாருன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்கம்மா."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ சொன்னியா?"

"சொல்லல. என் தப்புதான்."

அழவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். நான் அந்தக் கம்பளித் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். கிராணியும் நானும் ஆங்கிலம், விஞ்ஞானம், வயது என்று எல்லாவற்றையும் எடை போட்டோமே, தராசுத் தட்டில் நானும் உட்கார்ந்திருப்பது இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த நாள் அக்கா பள்ளிக்குப் போன பிறகு நான் சட்டையை எடுத்தேன். அம்மா கிட்டே வந்தாள். வேண்டாம் என்றேன். அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். பஸ் போய்விடும், போட்டுவிடுகிறேனே என்றாள். போகட்டும், அடுத்த பஸ் வரும் என்றேன். ஐந்து பொத்தான். இரண்டு பஸ் போயிற்று. மூன்றாவது பஸ்ஸில் ஆ ஹோக் இருந்தான். இறங்கி வந்து கையை நீட்டினான். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு இடது கையால் கம்பியைப் பிடித்து நானே ஏறினேன். எங்கே போகிறாய், யார் கூட வருவது என்றான். யாரும் இல்லை என்றேன். அவன் பஸ்ஸை அன்றைக்கு மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான்.

மிஸ் பிள்ளையின் அறை பதிவு கௌன்டருக்குப் பக்கத்தில். வரிசையில் உட்கார்ந்து என் முறை வரும்வரை காத்திருந்தேன். உள்ளே போனதும் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னேன். அப்புறம் நேற்று நீங்கள் பார்த்தது நாடகம் என்று சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். ஒரு ஃபைலை எடுத்து மிஸ் ஹேலின் கடிதத்தைப் பிரித்தார். இதில் எல்லாம் நீயே செய்கிறாய் என்று இருக்கிறது, நேற்று ஒன்றுமே செய்ய முடியாது என்று உன் மனைவி சொன்னாள், இரண்டில் எது பொய் என்று கேட்டார். இரண்டுமே என்றேன். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிஸ் ஹேலிடம் ஏன் அப்படிச் சொன்னேன், நேற்று ஏன் அப்படிப் படுத்துக் கிடந்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் மலாயும் குழறலும் சேர்ந்து எவ்வளவு புரிந்ததோ. மகளுக்கு இதில் எதுவும் தெரியாது, பொய் சொன்னது நான், தண்டனை அவளுக்கா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான்.

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். இன்றைக்கு மட்டும் உன்னை எப்படி நம்புவது என்றார். பிறகு என் சட்டையைக் காட்டினார்.

"போலே பக்காய் செண்டிரி?"

சொந்தமாகப் போட முடியுமா என்கிறார். முடியும் என்றேன். கழற்றிவிட்டுப் போடு என்றார்.

ஒரு பெண் அதிகாரி முன்னால் சட்டையைக் கழற்ற எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே பனியன் இருந்தது, அதனால் பரவாயில்லை. கழற்றுவது சுலபம். போடுவதுதான். ஓட்டைக்குள் பொத்தானைத் தள்ளப் பார்த்தால் விரல் வழுக்கும். அதனால் பொத்தானை அசையாமல் பிடித்து, துணியை அதன் மேல் இழுத்து ஏற்ற வேண்டும். மிஸ் ஹேல் சொல்லிக் கொடுத்தது அது. முதல் இரண்டு ஏறின. மூன்றாவது நழுவிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பியூன் ஏதோ காகிதத்தோடு உள்ளே வந்தார். நம் ஆள்தான். என்னைப் பார்த்ததும் ஐயோ பாவம் என்று காகிதத்தை மேசையில் போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"கைய எடுங்கண்ணே."

"அட, இருங்க, நான் போட்டு விடறேன்."

"எடுங்கன்னு சொல்றேன்ல."

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் மூன்றாவதை நான்காவது ஓட்டையில் போட்டிருந்தேன், அதை எடுத்து மறுபடி போட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவை இரண்டு தரம் தட்டினார்கள். ஐந்தாவது ஏறியபோது பனியன் முழுக்க நனைந்திருந்தது. மிஸ் பிள்ளை அந்த நேரம் முழுவதும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். சரி, உனக்குக் கை இருக்கிறது. நாளைக்கு உன் மனைவிக்கு உடம்புக்கு வந்தால்? அப்போது மகளைக் கூப்பிடுவாயா?

அதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இல்லை என்று உடனே சொல்லியிருந்தால் அதுவும் இன்னொரு பொய்யாகத்தான் இருந்திருக்கும். உட்கார்ந்து யோசித்தேன். அம்மாவை நினைத்தேன், உங்கள் இரண்டு பேரையும் நினைத்தேன். கூப்பிட மாட்டேன் என்றேன்.

கடிதம்? அவள் தெரிந்துகொண்டால் தானாகவே கிளம்பி வந்துவிடுவாளே என்றார்.

எழுதவும் மாட்டேன் என்றேன்.

அவர் அதை நோட்டில் எழுதி, எனக்கு மலாயில் படித்துக் காட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். வலது கையால் போட்டேன். என் பேரைப் போலவே இல்லை. இடம் கிடைக்கும் என்று அவர் நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கையெழுத்தையும் சேர்த்து. அம்மா அன்று முழுக்க என்னுடன் பேசவில்லை. ஆனால் மறுநாள் தட்டை எனக்கு எதிரில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பார்த்தால் பொறுக்க மாட்டாள், அதனால்.

ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. கிராணி மதிப்பெண்ணை இருபதுக்கு இறக்கிவிட்டார். பிறகு கடிதம் வந்தது. இரண்டு இடத்தில் இரண்டாவது இடம் அக்காவுக்கு. விஞ்ஞானப் பாடம் போதாது, போய்ச் சேர்ந்து முதல் வருஷத்தில் அதையும் தனியாக எழுதித் தேற வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அந்தக் கையெழுத்தைப் பற்றி அக்காவிடம் நாங்கள் சொல்லவே இல்லை. சிங்கப்பூரில் கப்பல் ஏற்றிவிட நீங்களும்தான் வந்தீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்குக் கம்பெனி மறுபடி பஸ்ஸில் வேலை கொடுக்கவில்லை. டிப்போவில் டிக்கெட் கட்டு எண்ணிக் கொடுக்கிற வேலை கொடுத்தது. கை முக்கால்வாசி வந்துவிட்டது. மீதி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பித்தப்பை என்பது கல்லீரலுக்குக் கீழே இருக்கிற சின்னப் பை. அதில் கல் சேர்ந்து வழியை அடைத்தால் உயிர் போகிற வலி வரும். வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள், ஆபத்தும் உண்டு என்றார்கள். வசந்தா, நீ அக்காவுக்கு எழுத ஏர்மெயில் தாளை எடுத்தாய், நான் பிடுங்கிவிட்டேன். கல்நெஞ்சு என்று என்னைச் சொன்னாய். சேகர் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அடுத்த மாதம் கடைசி வருஷப் பரீட்சை. அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டாள். ஏதாவது ஆனால் அப்போது எழுதுங்கள் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு வியாழக்கிழமை, அவளுக்குக் கடுதாசி போடற நாள். போடாம விட்டா அவளுக்குத் தெரிஞ்சுரும்" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு எழுதினேன். மழை பெய்கிறது, சேகருக்குப் பரீட்சை நடக்கிறது, அம்மா அடுக்களையில் வேலையாக இருக்கிறாள், எல்லாரும் சுகம் என்று எழுதினேன். உறையை ஒட்டி வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அம்மா இன்னும் உள்ளேதான் இருந்தாள்.